ஐந்து சிக்கல் ஒன்றாகச் சூழ்ந்த பெண்ணை எந்த வாசலுக்கு அழைத்துப் போவது?

அடையாற்றில் உங்கள் வீட்டில் 11 ஆண்டுகளாக வேலை செய்யும் அக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். மூன்று குழுக்களில் கடன். 13 வயது மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். அக்காவுக்கு இரவில் தூக்கம் இல்லை. "இருந்து என்ன ஆகப்போகிறது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். மகளிர் காவல் நிலையம், உதவி எண், அரசு மையம், தொண்டு நிறுவனம் என்று இத்தனை இருக்கும்போது அவரை எங்கே அனுப்புவது, ஏற்கெனவே இரண்டு இடங்களுக்குப் போய்வந்தும் ஏன் அதே வீட்டுக்கே திரும்பிப் போகிறார் என்பது உங்கள் கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். பெண்களுக்கான ஆலோசனை மையங்களில், முதலில் வடசென்னையிலும் பிறகு தெற்கே மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும், 17 ஆண்டுகள் வேலை செய்தவள் நான். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடிந்தது இதுதான்: இத்தனை கஷ்டம் ஒன்றாகச் சேர்ந்த பெண்ணுக்கு முகவரி மட்டும் போதாது, கூடவே வரும் ஆள் வேண்டும். நல்ல மையம் என்பது அந்த ஆளை நியமித்து வைத்திருக்கும் இடம்.

மற்றதெல்லாம் பிறகு. "இருந்து என்ன" என்ற அந்தப் பேச்சை இன்றைக்கே கவனியுங்கள். சலிப்பில் சொல்வதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பல பெண்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் இன்றும் இயங்குகிறது, எண் 044-24640050. மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416-இலும் தமிழில் பேசலாம். ஏதாவது வாங்கி வைத்திருப்பதாக அவர் சொன்னால் அன்று இரவு அவர் தனியாக இருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.

இனி, ஏன் திரும்பிப் போகிறார் என்பதற்கு வருகிறேன்.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அடிதான் பெரிதாகத் தெரியும். அவருக்கு அது ஐந்தில் ஒன்று. அடியைச் சொல்லிக் காவல் நிலையம் போனால் கணவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவர் ஒரு வாரம் வேலைக்குப் போகமாட்டார். அந்த வாரம் குழுக் கடன் தவணை தவறும். தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள், ஏனென்றால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அந்த அவமானம் தாங்காமல் மகள் வெளியே போகமாட்டாள். மகள் வீட்டில் இருக்கிறாள் என்றால் "மாப்பிள்ளை பார்த்துவிடலாம்" என்ற பேச்சு மாமியார் வாயிலிருந்து வரும். ஒரு நூலை இழுத்தால் மற்ற நான்கும் இறுகுகின்றன. ஒவ்வோர் அலுவலகமும் தன் நூலை மட்டும் பிடித்து இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பினால் அடி மட்டும்தான்; வெளியே போனால் ஐந்தும் இறுகும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அவர் திரும்புகிறார். அதை மனவலிமை இல்லாமை என்று எண்ணிவிடாதீர்கள்.

பெரும்பாக்கம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நகரின் நடுவில், ஆற்றோரத்திலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடும்பங்களை 20, 30 கிலோமீட்டர் தள்ளிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தோம். வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. எல்லைகளும் ஒத்துப்போகவில்லை. உங்கள் அக்கா வேலை செய்வது சென்னை மாவட்டத்தில், வசிப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில், காவல் துறையோ 2022 முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம். "இது எங்கள் எல்லை இல்லையம்மா" என்ற ஒரு வாக்கியத்தை மூன்று வாசல்களில் கேட்டுவிட்டு நான்காவது வாசலுக்குப் போகாமல் நின்றுவிட்ட பெண்களை நான் எண்ணி வைக்கவில்லை, அவ்வளவு பேர்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடத்தில் மட்டுமல்ல, அவர் வேலை செய்யும் இடத்திலும் மனு போடலாம் என்கிறது. அதாவது அடையாற்றில் வேலை செய்பவர் சென்னையிலேயே மனு கொடுக்கலாம். செங்கல்பட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு உங்களுக்கானது. வன்முறை நடக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் உள்ள எவரும், இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தால் கொடுத்தவர் மேல் எந்தப் பொறுப்பும் வராது. "அடுத்த வீட்டு விஷயம்" என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால் அதை இத்தோடு விட்டுவிடுங்கள். ஆனால் அவரிடம் சொல்லாமல், அவர் சம்மதிக்காமல் தகவல் கொடுக்காதீர்கள். அதிகாரி வீட்டுக்கு வந்துபோன அன்றைய இரவை அந்த வீட்டில் கழிக்கப்போவது அவர்தான்.

அப்படியானால் ஒரு மையம் என்னதான் செய்ய வேண்டும்? ஒரு நாளைக் கிட்ட இருந்து காட்டுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காலை 11 மணி. ஒரு பெண் வருகிறார், மீன் விற்பவர். கையில் துணிக்கடைக் கட்டைப்பை. உட்காரச் சொன்னால் நாற்காலியின் விளிம்பில் உட்காருகிறார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுவதைப் போல. அப்படி வருபவரிடம் "என்ன பிரச்சினை" என்று நாங்கள் தொடங்குவதில்லை. சாப்பிட்டீர்களா, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், இங்கே வந்தது யாருக்குத் தெரியும் என்று மூன்று கேள்விகள். இரண்டரை மணிக்குள் போக வேண்டும் என்றார். மூன்றரைக்குப் பையன் பள்ளியிலிருந்து வந்துவிடுவான். ஆக நமக்கு மூன்றரை மணி நேரம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் ஆலோசனையைத் தொடங்கும் மையத்துக்கு அந்தப் பெண் இரண்டாம் முறை வரமாட்டார்.

பையைக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, இரண்டு ஆதார் அட்டைகள், தண்ணீர் பட்டு மை கலைந்த பிறப்புச் சான்றிதழ், அடகுக் கடைச் சீட்டுகள் நான்கு, மருத்துவமனை ஓ.பி. சீட்டுகள் ஒரு கட்டு. வங்கிப் புத்தகம் இருந்தது, ஏ.டி.எம். கார்டு இல்லை. அது கணவரிடம். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அந்தக் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இவர் கைக்கு ஒரு மாதமும் வரவில்லை. ஓ.பி. சீட்டுகளுக்கு நடுவில் ஏ.ஆர். நகல் ஒன்று இருந்தது, விபத்துப் பதிவேட்டின் நகல். இடது கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. காரணம் என்ற இடத்தில் "படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தது. மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் கணவர்தான், பக்கத்திலேயே நின்றிருக்கிறார். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

அந்த ஒரு வரி பிறகு நீதிமன்றத்தில் எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பது தனிக்கதை. இதைப் படிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள் யாராவது இருந்தால் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பெண்ணைத் தனியாக வைத்து ஒரு முறை கேளுங்கள். மும்பையில் 2000-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனைக்கு உள்ளேயே திலாசா என்ற மையத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். காயத்தோடு வரும் பெண் காவல் நிலையத்துக்குப் போவதற்கு வெகு முன்பே மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார்.

அந்த மீன்காரம்மாவுக்கு அன்று நாங்கள் முதலில் செய்தது கணவர் மேல் புகார் எழுதியது அல்ல. அஞ்சலகத்தில் அவர் பெயரில் புதிதாக ஒரு கணக்கு. இரண்டாவது, எல்லா ஆவணங்களையும் நகல் எடுத்து ஒரு தொகுதியை மையத்தில் வைத்துக்கொண்டது. அடியைப் பற்றி அவராகப் பேசியது நான்காவது சந்திப்பில். அதுவரை அவர் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்: இவர்கள் சொன்னதைச் செய்கிறார்களா, சொன்ன நாளில் இருக்கிறார்களா என்று. எந்த நூலை முதலில் இழுப்பது என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அது நாம் நினைக்கும் நூலாக இருப்பதில்லை.

பிறகு, கூடப் போவது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு, பள்ளிக்கு, தாலுகா அலுவலகத்துக்கு. எங்களோடு வேலை செய்த ஒரு வழக்குப் பணியாளர் அந்த அம்மாவோடு ஒன்றரை ஆண்டில் ஏறக்குறைய 40 முறை வெளியே போயிருக்கிறார். இந்த வேலைக்கு எந்த அறிக்கையிலும் ஒரு கட்டம் இல்லை. "ஆலோசனை பெற்றவர்கள் எத்தனை பேர்" என்று கேட்கிறார்கள். "எத்தனை முறை கூடப் போனீர்கள்" என்று கேட்பதில்லை. ஆனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் குரல், தனியாக வரும் பெண்ணிடம் ஒரு மாதிரியும், கையில் கோப்போடு பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது வேறு மாதிரியும் இருப்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிய மனுவை நாங்கள் போன அன்றே வாங்கிப் பதிவு எண் கொடுத்தார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை, கோபம்தான் வந்தது.

இந்த எண்ணம் சென்னைக்குப் புதிதும் அல்ல. கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸில் சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களைத் தங்கவைத்தபோது சோறும் கூரையும் கொடுத்ததோடு நின்றிருந்தால் அவர்கள் சாகும்வரை அங்கேயே இருந்திருப்பார்கள். அவர் படிக்கவைத்தார், ஆசிரியைப் பயிற்சி கொடுத்தார், சம்பளத்தோடு வெளியே அனுப்பினார். 1930-களின் தொடக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லத்திலும் தங்குவதும் படிப்பதும் ஒன்றாகவே இருந்தன. 1978-இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்களைத் திரட்டித் தொடங்கிய ஒர்க்கிங் உமன்ஸ் ஃபோரம் வட்டிக் கொடுமையிலிருந்து தொடங்கி மற்றவற்றுக்குப் போனது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய தி பானியன், வீடும் இல்லாமல் மனநோயும் உள்ள பெண்களுக்கு முகப்பேரில் அடைக்கலம் கொடுத்தது. அதற்கு முன் மனநல மருத்துவமனை "வீடு இல்லை" என்றும், விடுதி "மனநோய்" என்றும் தள்ளிவிட்ட பெண்கள் அவர்கள். 2001-லிருந்து இயங்கும் பி.சி.வி.சி. என்ற சென்னைத் தொண்டு நிறுவனம் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களோடு, தீக்காயம் பட்டவர்களோடும் வேலை செய்கிறது. காவல் துறையிலோ நாட்டுக்கே பேசுபொருளாக 1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் 2007-இல் ஜீன் கார்ஸ்டன் கொடுத்த அறிக்கை, சிறைக்கு வரும் பெண்களில் பலர் அடி, போதை, மனநோய், வீடின்மை எல்லாம் சேர்ந்து வந்தவர்கள் என்று காட்டி, அவர்களுக்குச் சிறைக்குப் பதில் ஊர்தோறும் பெண்கள் மையங்கள் வேண்டும் என்றது. நம் ஊர்க் கதை வேறு, ஆனால் முடிச்சு அதேதான்.

சரி, இன்றைக்கு எங்கே போவது?

அரசின் "ஒருங்கிணைந்த சேவை மையம்", சகி என்றும் சொல்வார்கள். 2015 ஏப்ரலில் நாடு முழுவதற்குமான திட்டமாகத் தொடங்கியது. மருத்துவம், காவல் துறை உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது அதன் நோக்கம். எண்ணம் மிகச் சரியானது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்தால் 24 மணி நேரமும் எடுப்பார்கள், அருகிலுள்ள மையத்தோடு இணைப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஆனால் தங்குவது 5 நாட்கள் வரைதான். ஐந்து நாளில் ஒரு காயம் ஆறலாம். கடன், வீடு, பள்ளி எதுவும் ஆறாது. அதற்குப் பிறகு சக்தி சதன் போன்ற நீண்ட நாள் தங்கும் இல்லங்கள், அல்லது தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு சேவை இல்லம் போல் தங்கிப் படிக்கவும் தொழில் கற்கவும் வசதி உள்ள இடங்கள். எந்தப் பெண்ணுக்கு எது பொருந்தும் என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். பாதுகாப்பு அலுவலரும் அங்கேதான் இருப்பார். சென்னைக்கு அது ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை.

அந்தப் பாதுகாப்பு அலுவலரிடம் குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், டி.ஐ.ஆர். என்பார்கள். இது முதல் தகவல் அறிக்கை அல்ல. இதைப் பதிவு செய்வதால் மட்டும் கணவரைக் கைது செய்துவிட மாட்டார்கள். பல பெண்கள் இதைக் கேட்டதும்தான் சற்று மூச்சு விடுவார்கள், ஏனென்றால் அவர்கள் கேட்பது அடி நிற்க வேண்டும் என்பது. அவர் உள்ளே போக வேண்டும் என்பது அல்ல. மாஜிஸ்திரேட் அடிக்கக் கூடாது என்று உத்தரவிடலாம், செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம், அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலேயே இடைக்கால உத்தரவும் கொடுக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம் 17-ஆம் பிரிவு: வீடு யார் பெயரில் இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அங்கே வாழ உரிமை உண்டு. "வெளியே போ" என்று கணவரோ மாமியாரோ சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் தள்ள முடியாது. உங்கள் அக்காவின் பெரும்பாக்கம் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவர் பெயரிலேயே இருந்து, அது அவருக்கே தெரியாமல் இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிய பயம் வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண் என்றாலே இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்கக் கூடாது. எண் 15100.

மகள் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 14 வயது வரை, டி.சி. இல்லை என்று சொல்லி எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவளுக்கு 13. இன்னும் ஓராண்டு போனால் இந்தப் பிடியும் நழுவும். திருமணப் பேச்சு வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. அம்மாவை மையத்துக்கு அழைத்துப் போகும் நாளில் அவளையும் அழைத்துப் போங்கள், ஆனால் அம்மா பேசும் அறையில் உட்காரவைக்காதீர்கள். நல்ல மையத்தில் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு மூலை, ஒரு பாய், நான்கு கதைப் புத்தகங்களாவது இருக்கும். நான் ஒரு புது மையத்துக்குப் போனால் முதலில் தேடுவது அந்தப் பாயைத்தான்.

கடனைப் பொறுத்தவரை, எதையும் அடைக்க நீங்கள் பணம் கொடுத்துவிடாதீர்கள், குறைந்தது முதல் மாதம். எந்தக் குழு, எவ்வளவு, எத்தனை தவணை பாக்கி என்று ஒரு தாளில் எழுதவையுங்கள். பெரும்பாலானவர்கள் மொத்தத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பார்கள். கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது; வாசலில் வந்து கத்துபவர்களிடம் மையத்திலிருந்து ஒருவர் அதைச் சொல்லிப் பேசினால் தவணையைத் தள்ளிவைக்கப் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்கான நலவாரியம் 2007-இலிருந்து இருக்கிறது. 11 ஆண்டுகளாக உங்கள் வீட்டில் வேலை செய்கிறார். அதில் பதிவு செய்திருக்கிறாரா? இல்லையென்றால் அது உங்கள் வேலை.

மனதில் உறுத்தும் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். மையங்கள் எல்லாப் பெண்களையும் சேர்ப்பதில்லை. 14 வயது மகன் இருந்தால் பெண்கள் விடுதியில் இடம் இல்லை. தாய் இங்கே, பிள்ளை வேறு இல்லத்தில். பிள்ளையைப் பிரிய மனம் இல்லாமல் அடிக்குத் திரும்பிய தாய்களை எனக்குத் தெரியும். குடிப்பழக்கம் உள்ள பெண் என்றால் கதவு சட்டென்று மூடிக்கொள்கிறது, வலி தாங்காமல் குடிக்கத் தொடங்கியவள் என்பதை யாரும் கேட்பதில்லை. திருநங்கைகளுக்கு இன்னும் கடினம். பாலியல் தொழிலில் இருப்பவர் தான் யார் என்பதை மறைத்தால்தான் படுக்கை கிடைக்கும். சிக்கல் கூடக்கூட உதவி அதிகமாக வேண்டும். நடப்பதோ சிக்கல் கூடக்கூட வாசல்கள் குறைகின்றன. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

அடுத்தது, சமாதானம். "எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டோம்" என்பதை வெற்றியாகக் கணக்கெழுதும் வழக்கம். இனி அடிக்கமாட்டேன் என்று கணவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள்களை ஒரே பெண்ணின் பையில் ஆறு பார்த்திருக்கிறேன். உங்கள் அக்கா போய்வந்த இரண்டு இடங்களிலும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். பேசிச் சேர்த்துவைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்டால், அவருக்குப் பாதுகாப்பு இருந்தால், பேசலாம். ஆனால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து "நீ என்ன செய்தாய்" என்று அவரிடமே கேட்கும் இடத்துக்கு மறுபடி அழைத்துப் போகாதீர்கள்.

இந்த மையங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். ஓர் ஆண்டுக்குள் மாறிப்போனால் அந்தப் பெண் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அடி மறுபடி விழுவதைப் போலத்தான். அதனால் நீங்கள் ஒரு மையத்தை முதல்முறை அழைக்கும்போது இதைக் கேளுங்கள்: "இவரோடு கடைசிவரை ஒரே ஆள் இருப்பாரா? வெளியே அலுவலகங்களுக்குக் கூட வருவாரா?" தெளிவாக "வருவோம்" என்றால் போங்கள். "எண் தருகிறோம், அவரையே பேசச் சொல்லுங்கள்" என்றால் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு, கூடப் போகும் ஆளாக நீங்களே இருங்கள். அதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. ஒரு கோப்பு, பேனா, தண்ணீர் பாட்டில், பொறுமை.

நீங்கள் செய்யக்கூடியவை இவ்வளவு. சம்பளம் பிடிக்காமல் மாதம் நான்கு நாள் விடுப்பு. ஆவண நகல்களை உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ள இடம். "அவரை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்" என்று சொல்லாமல் இருப்பது. வெளியேற முடிவெடுத்த சமயம்தான் ஆபத்து அதிகம், அந்த முடிவை மையத்தின் ஆளோடு உட்கார்ந்து திட்டமிட்டு எடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு பை தயாராக இருக்கட்டும்: ஆவணங்கள், இரண்டு செட் துணி, 500 ரூபாய், மாத்திரைகள், மகளின் பள்ளி அடையாள அட்டை. அந்தப் பை அவர் வீட்டில் இருக்கக் கூடாது.

முதல் அழைப்பை அவர் கைபேசியிலிருந்து செய்யாதீர்கள். யாருக்கு அழைத்தார் என்ற பட்டியலைக் கணவர் பார்ப்பார். நாளைக் காலை அவர் வேலைக்கு வந்ததும் பாத்திரங்கள் அப்படியே கிடக்கட்டும், இரண்டு பேருக்கும் காபி போடுங்கள். பேசச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, உங்கள் தொலைபேசியில் 181-ஐ அழைத்து அவர் கையில் கொடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை அறையை விட்டு வெளியே போய் இருங்கள், கூப்பிடும் தூரத்தில்.